டிஎம்ஏ டிரைவர் எழுதப் புதிதாக வருபவர்களுக்கு: பஃபர் இப்போது யார் கையில்?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்துவிட்டுக் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைக்கோ, வாளையார் தாண்டிக் கோயம்புத்தூருக்கோ வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு சி மொழி தெரிந்திருக்கிறது. எல்இடியை மினுக்கத் தெரிகிறது, யூஆர்ட் வழியாக எழுத்து அனுப்பத் தெரிகிறது. டிஎம்ஏ வந்ததும் தடுமாறுகிறார்கள். பாலக்காட்டுச் சீனியர் மலையாளத்தில் மளமளவென்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். சிப் தயாரிப்பாளரின் கையேடோ ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய ஆங்கிலம். அந்த இடைவெளிக்காக எழுதியது இது.

டிஎம்ஏ என்பது நேரடி நினைவக அணுகல். செயலி ஒவ்வொரு பைட்டாக எடுத்து வைக்காமல், சிப்புக்குள் இருக்கும் டிஎம்ஏ கட்டுப்படுத்தி என்ற தனிச் சுற்று சாதனத்துக்கும் நினைவகத்துக்கும் இடையே தரவை நகர்த்துகிறது. எங்கிருந்து, எங்கே, எத்தனை என்று செயலி ஒருமுறை எழுதிக் கொடுத்தால் போதும். முடிந்ததும் செயலியின் கவனத்தை இழுக்கும் ஒரு சைகை, அதாவது இன்டரப்ட், வரும். இதையெல்லாம் நடத்தும் நிரல்தான் டிரைவர், தரவு வந்து தங்கும் நினைவக இடம்தான் பஃபர்.

கேட்க எளிது. சிக்கல் எல்லாம் ஒரே நினைவகத்தில் இருவர் கை வைப்பதால் வருகிறது. டிஎம்ஏ பற்றிய விதிகள் எத்தனை இருந்தாலும் அத்தனையும் ஒரே கேள்விக்குத்தான் பதில்: இந்த நொடியில் பஃபர் செயலியின் கையில் இருக்கிறதா, சாதனத்தின் கையில் இருக்கிறதா? சித்தூர் தாலுகாவில் பரம்பிக்குளம்–ஆழியாறு தண்ணீர் முறை வைத்து வருவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. மடை அடுத்த வயலுக்குத் திரும்பியிருக்கும் நேரத்தில் நீங்கள் மண்வெட்டியைத் தூக்கக் கூடாது.

முதலில், டிஎம்ஏ வேண்டுமா?

எடைமேடைக் கருவியில் எச்எக்ஸ்711 சிப் இருந்தால் அது நொடிக்கு 10 அல்லது 80 அளவுகள்தான் தரும். அதற்கு டிஎம்ஏ வைப்பது வீண் வேலை. சாதாரண வாசிப்பே போதும், பிழை தேடுவதும் சுலபம். டிஎம்ஏ கற்றுக்கொண்ட வேகத்தில் எல்லாவற்றுக்கும் அதைப் போடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது வேறொன்று. நூற்பாலை இயந்திரத்தின் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று அதிர்வை வைத்துக் கண்டுபிடிக்கும் கருவி. மூன்று அச்சு அனலாக் உணரி, ஒவ்வொரு அச்சுக்கும் நொடிக்கு 20,000 மாதிரிகள். ஆக நொடிக்கு 60,000 மாதிரிகள், மாதிரிக்கு 2 பைட் வீதம் 1,20,000 பைட். எஸ்டிஎம்32எஃப்407 சிப் 168 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. வகுத்துப் பார்த்தால் மாதிரிக்கு 2,800 கடிகாரச் சுழற்சி கிடைக்கிறது, தாராளம் என்று தோன்றும். ஆனால் மாதிரிகள் சீரான இடைவெளியில் வருவதில்லை. டைமர் ஒருமுறை தூண்டியதும் ஏடிசி (அனலாக் அளவை எண்ணாக மாற்றும் சுற்று) மூன்று அச்சுகளையும் அடுத்தடுத்து அளந்து தள்ளுகிறது. ஏடிசியின் கடிகாரம் 21 மெகாஹெர்ட்ஸ், மாதிரியெடுக்க 84 சுழற்சி, எண்ணாக மாற்ற 12 சுழற்சி என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு அளவும் சுமார் 4.6 மைக்ரோநொடியில் வந்துவிடும். வழக்கமான சேனல்கள் (உள்ளீடுகள்) எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏடிசியில் இருப்பது ஒரே ஒரு தரவு ரெஜிஸ்டர் (சிப்புக்குள் இருக்கும் சிறு பதிவிடம்). அடுத்த அளவு வருவதற்குள் அதை எடுக்காவிட்டால் அந்த அளவு போனது போனதுதான். எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டும், திரையைப் புதுப்பித்துக்கொண்டும் இருக்கும் செயலிக்கு இந்தக் கெடு கட்டுப்படியாகாது. டிஎம்ஏவுக்கு உரிய இடம் இதுதான். இதையே உதாரணமாக வைத்து, சிறு சிப்புகளுக்கான இயங்குதளமான ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் ஆரம்பிப்போம்.

பஃபரை எங்கே வைப்பது

நிரல் எழுதும் முன்பே முடிவு செய்ய வேண்டியது இது. எஃப்407 சிப்பில் 192 கிலோபைட் நினைவகம் இருக்கிறது. அதில் 64 கிலோபைட், ஹெக்ஸ் முகவரி 10000000-இல் தொடங்கும் சிசிஎம் பகுதி, செயலிக்கு மட்டுமே இணைக்கப்பட்டது. டிஎம்ஏ கட்டுப்படுத்திக்கு அங்கே போகப் பாதையே கிடையாது. பஃபர் தவறி அங்கே அமைந்துவிட்டால் பரிமாற்றப் பிழை எழுந்து ஸ்ட்ரீம் (டிஎம்ஏவுக்குள் தரவு ஓடும் தனித் தடம்) தானாக நின்றுவிடும். நிரலைப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். எனவே தொகுத்து முடிந்ததும் லிங்கர் தரும் மேப் கோப்பைத் திறந்து பஃபரின் முகவரியைக் கண்ணால் பாருங்கள். 2000 என்று தொடங்கினால் சரி, 1000 என்று தொடங்கினால் இடம் மாற்றுங்கள்.

ஃபங்ஷனுக்குள் சாதாரண மாறியாகப் பஃபரை அறிவிக்காதீர்கள். ஃபங்ஷன் முடிந்ததும் அந்த ஸ்டாக் இடம் வேறொருவருக்குப் போய்விடும். டிஎம்ஏவுக்கு அது தெரியாது, எழுதிக்கொண்டே இருக்கும். இப்படி வரும் பிழை ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் தலை காட்டும். ஸ்டாட்டிக் என்று அறிவித்துவிட்டால் தொல்லை இல்லை.

அளவு? நம் உதாரணத்தில் 6,144 மாதிரிகள், அதாவது 12,288 பைட். இதை இரண்டு பாதியாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாதியிலும் 3,072 மாதிரிகள், அச்சுக்கு 1,024 வீதம். ஒரு பாதி நிறைய 51.2 மில்லிநொடி ஆகும். ஒரு பாதியில் டிஎம்ஏ எழுதும்போது மறுபாதியைச் செயலி படிக்கும். எண்ணிக்கை ரெஜிஸ்டர் 16 பிட் என்பதால் ஒரே பரிமாற்றத்தில் 65,535-க்கு மேல் போக முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஸ்ட்ரீமை அமைக்கும் வரிசை

எஃப்407-இல் இரண்டு டிஎம்ஏ கட்டுப்படுத்திகள், ஒவ்வொன்றிலும் எட்டு ஸ்ட்ரீம்கள், ஒவ்வொரு ஸ்ட்ரீமும் எட்டு சேனல்களில் (சாதனங்களின் கோரிக்கை வரும் வழிகளில்) ஒன்றைக் கேட்கும். எந்தச் சாதனம் எந்த ஸ்ட்ரீமில் என்பது சிப்புக்குள்ளேயே தீர்மானிக்கப்பட்டது, நம் விருப்பமல்ல. கையேட்டில் அதற்கான அட்டவணை இருக்கிறது. முதலாம் ஏடிசிக்கு இரண்டாம் டிஎம்ஏவின் 0 அல்லது 4-ஆம் ஸ்ட்ரீம், சேனல் 0. அந்த அட்டவணையை அச்செடுத்து மேசைக்கு எதிரே ஒட்டிவைப்பது நல்லது. இரண்டு டிரைவர்கள் ஒரே ஸ்ட்ரீமுக்குப் போட்டி போடுவது பலகையை வடிவமைக்கும்போதே தெரிந்துவிட வேண்டும்.

1. டிஎம்ஏவுக்குக் கடிகாரம் கொடுங்கள். கொடுக்காமல் ரெஜிஸ்டரில் எழுதினால் எதுவும் பதிவாகாது, பிழையும் வராது.

2. ஸ்ட்ரீமின் இயக்கு பிட்டை 0 ஆக்குங்கள். ஆக்கிவிட்டு, அது உண்மையிலேயே 0 ஆகிவிட்டதா என்று திரும்பப் படித்துக் காத்திருங்கள். நடுவில் இருக்கும் பரிமாற்றம் முடிந்த பிறகுதான் அது விழும். இந்தக் காத்திருப்பை விட்டுவிட்ட நிரல், முதல்முறை ஓடும், மறுமுறை தொடங்கும்போது ஓடாது.

3. பழைய கொடிகள் (நிலை காட்டும் பிட்டுகள்) அனைத்தையும் அழியுங்கள். முந்தைய ஓட்டத்தின் மிச்சக் கொடி இருந்தால் ஸ்ட்ரீமைத் தொடங்கிய உடனே பொய்யாக ஒரு இன்டரப்ட் வரலாம்.

4. சாதன முகவரியாக ஏடிசியின் தரவு ரெஜிஸ்டர், நினைவக முகவரியாகப் பஃபர், எண்ணிக்கையாக 6,144. இது பைட் கணக்கு அல்ல, மாதிரிக் கணக்கு. புதியவர்கள் பாதிப் பேர் இங்கே 12,288 என்று எழுதிப் பஃபருக்கு அப்பால் இருப்பதை அழித்துவிடுகிறார்கள்.

5. திசை சாதனத்திலிருந்து நினைவகத்துக்கு. இரு பக்கமும் 16 பிட். நினைவக முகவரி நகர வேண்டும், சாதன முகவரி நகரக் கூடாது. சுற்று முறை (கடைசிவரை எழுதியதும் பஃபரின் தொடக்கத்துக்கே திரும்புவது) வேண்டும். அரைப் பரிமாற்றம், முழுப் பரிமாற்றம், பிழை ஆகிய மூன்று இன்டரப்டுகளையும் திறந்துவிடுங்கள். பிழை இன்டரப்டைப் பலர் திறப்பதில்லை. அதைத் திறக்காமல் டிஎம்ஏ டிரைவர் எழுதுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது.

6. ஸ்ட்ரீமை இயக்குங்கள், பிறகு ஏடிசி, கடைசியாக டைமர். தண்ணீர் விடுவதற்கு முன் வாய்க்கால் தயாராக இருக்க வேண்டும் என்ற அதே கணக்கு.

ஏடிசி பக்கத்தில் ஒரு பிட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் டிடிஎஸ் என்று ஒன்று இருக்கிறது. அது 0 ஆக இருந்தால், டிஎம்ஏவின் எண்ணிக்கை ஒருமுறை முடிந்ததும் ஏடிசி புதிய கோரிக்கை அனுப்புவதை நிறுத்திவிடும். டிஎம்ஏ சுற்று முறையில் தயாராகக் காத்திருக்கும், ஆனால் தரவு வராது. முதல் 102.4 மில்லிநொடிக்கு அருமையான தரவு, அதற்குப் பிறகு அதே தரவு உறைந்து நிற்கும் என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம், இந்தப் பிட்டைப் பாருங்கள்.

இன்டரப்டிலிருந்து டாஸ்க்குக்கு

இன்டரப்டுக்குள் கணக்குப் போடாதீர்கள். கொடியை அழி, எந்தப் பாதி நிறைந்தது என்று டாஸ்க்குக்கு (ஃப்ரீஆர்டிஓஎஸ் ஓட்டும் தனி வேலைக்கு) சொல், வெளியே வா. அவ்வளவுதான். ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் இன்டரப்டுக்குள் இருந்து அழைக்க, பெயர் ஃப்ரம்-ஐஎஸ்ஆர் என்று முடியும் செயல்கூறுகள் மட்டுமே தகுதியானவை. டாஸ்க் அறிவிப்பில் பிட் வைக்கும் வகையைப் பயன்படுத்துங்கள்: முதல் பாதிக்கு ஒரு பிட், இரண்டாம் பாதிக்கு ஒரு பிட். டாஸ்க் விழித்துப் பார்க்கும்போது இரண்டு பிட்டும் சேர்ந்து இருந்தால் நீங்கள் பின்தங்கிவிட்டீர்கள் என்று பொருள்.

இங்கே ஒரு பொறி. ஆர்ம் கார்டெக்ஸ்-எம் செயலிகளில் இன்டரப்ட் முன்னுரிமை எண் குறையக் குறைய முக்கியத்துவம் கூடும். ரீசெட்டுக்குப் பிறகு எல்லா இன்டரப்டுக்கும் எண் 0, அதாவது உச்சம். ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸோ ஒரு வரம்பைவிட முக்கியத்துவம் கூடிய இன்டரப்டுகள் தன்னை அழைப்பதை அனுமதிக்காது. பல மாதிரித் திட்டங்களில் அந்த வரம்பு 5. எனவே டிஎம்ஏ இன்டரப்டுக்கு 5 அல்லது அதைவிடப் பெரிய எண் கொடுங்கள். மறந்தால், அசெர்ட் (தவறு கண்டதும் அங்கேயே நிறுத்தும் சோதனை) இயக்கியிருப்பவர்களுக்கு உடனே தெரியும். இயக்காதவர்களுக்குக் கருவி ஆலைக்குப் போய் இரண்டு நாள் கழித்துத் தெரியும்.

டாஸ்க் தன் பாதியைப் படித்து முடித்ததும் ஒரு சின்னச் சோதனை. எண்ணிக்கை ரெஜிஸ்டர் 6,144-இலிருந்து கீழே இறங்குகிறது. முதல் பாதியை நீங்கள் படித்து முடிக்கும்போது அதன் மதிப்பு 3,072 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், ஏனென்றால் டிஎம்ஏ இரண்டாம் பாதியில் இருக்க வேண்டும். 3,072-க்கு மேல் இருந்தால் அது சுற்றி வந்து உங்கள் காலடியிலேயே எழுத ஆரம்பித்துவிட்டது. அந்தப் பாதியை வீசிவிட்டு ஒரு பிழை எண்ணியைக் கூட்டுங்கள். கெட்ட தரவைவிட இல்லாத தரவு மேல்.

அச்சுகள் இடம் மாறும் நோய்

கருவி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று எக்ஸ் அச்சின் அதிர்வு ஒய் அச்சில் தெரியும், ஒய் இசட்டில். உணரி கழன்றுவிட்டதா என்று ஆளனுப்பிப் பார்ப்பார்கள். காரணம் பெரும்பாலும் ஏடிசியின் ஓவர்ரன். டிஎம்ஏ எடுப்பதற்குள் அடுத்த அளவு வந்துவிட்டால் ஏடிசி ஓவர்ரன் கொடியைத் தூக்கிவிட்டு, டிஎம்ஏ கோரிக்கையை நிறுத்திவிடும். இதைக் கண்டதும் அவசரமாகக் கொடியை மட்டும் அழித்துத் தொடர்ந்தால், ஏடிசி முதல் அச்சிலிருந்து தொடங்கும், டிஎம்ஏவோ பஃபரில் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த விட்ட இடம் மூன்றின் மடங்காக இல்லையென்றால் எல்லாம் ஓரிடமோ ஈரிடமோ தள்ளிப்போகும்.

மருந்து ஒன்றுதான். டைமரை நிறுத்து, ஸ்ட்ரீமை நிறுத்தி 0 ஆகும்வரை காத்திரு, கொடிகளை அழி, எண்ணிக்கையை மறுபடி 6,144 ஆக்கு, மேலே சொன்ன வரிசையில் மீண்டும் தொடங்கு. இதைத் தனி ஃபங்ஷனாக எழுதி, முதல் தொடக்கத்துக்கும் அதையே அழையுங்கள். சோதிக்கும்போது மூன்று உள்ளீடுகளிலும் மூன்று வெவ்வேறு நிலையான மின்னழுத்தம் கொடுத்துவிட்டு, வேண்டுமென்றே ஓவர்ரன் வரவழைத்துப் பாருங்கள். வரிசை மாறாமல் மீண்டு வந்தால்தான் டிரைவர் தேறியது.

கேஷ் இருக்கும் சிப்புக்குப் போனால்

எஃப்407-இல் ஓடிய நிரலை அப்படியே கார்டெக்ஸ்-எம்7 வகையான எஸ்டிஎம்32எச்743-க்கு எடுத்துப் போனால் இரண்டு அடி விழும். முதல் அடி முகவரியில். அங்கே ஹெக்ஸ் 20000000-இல் இருப்பது டிடிசிஎம் என்ற, செயலியோடு நெருக்கமாக இணைந்த நினைவகம், 128 கிலோபைட். வழக்கமான இரண்டு டிஎம்ஏ கட்டுப்படுத்திகளால் அதைத் தொட முடியாது. எஃப்407-இல் சரியாக இருந்த அதே முகவரி இங்கே தவறு.

இரண்டாவது அடி கேஷ். செயலிக்கும் நினைவகத்துக்கும் நடுவே தரவின் நகல் இருக்கிறது. டிஎம்ஏ நினைவகத்தில் புதியதை எழுதும், செயலி கேஷில் இருக்கும் பழையதைப் படிக்கும். பஃபரை அறிவிக்கும்போது வாலடைல் என்ற சி மொழிச் சொல்லைப் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். வாலடைல் கம்பைலரைத்தான் கட்டுப்படுத்தும், கேஷுக்கு அது கேட்காது.

விதி இது. செயலி எழுதியதைச் சாதனம் படிக்கப் போகிறதென்றால், ஒப்படைக்கும் முன் கேஷில் இருப்பதை நினைவகத்துக்குத் தள்ளுங்கள். அதற்குப் பெயர் கிளீன். சாதனம் எழுதியதைச் செயலி படிக்கப் போகிறதென்றால், படிக்கும் முன் கேஷில் இருக்கும் நகலைச் செல்லாததாக்குங்கள். அதற்குப் பெயர் இன்வாலிடேட். பெறும் பஃபரைச் சாதனத்திடம் கொடுப்பதற்கு முன்பும் ஒருமுறை இன்வாலிடேட் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கேஷில் தேங்கியிருக்கும் பழைய எழுத்து நடுவில் கீழிறங்கி, டிஎம்ஏ எழுதியதன் மேலேயே விழக்கூடும்.

எம்7-இல் ஒரு கேஷ் வரி 32 பைட். பஃபரின் தொடக்கமும் நீளமும் 32-இன் மடங்காக இருக்க வேண்டும். இல்லையென்றால் பஃபரின் கடைசி வரியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பக்கத்து மாறியின் மதிப்பும் இன்வாலிடேட்டோடு சேர்ந்து காணாமல் போகும். நம் 12,288 பைட் 32-ஆல் வகுபடும் என்பதால் தொடக்கத்தை மட்டும் கவனித்தால் போதும்.

முதல் பதிப்பில் இந்த வித்தையெல்லாம் வேண்டாம் என்பது என் கருத்து. எம்பியு (நினைவகப் பாதுகாப்பு அலகு) வழியாக ஒரு சிறு நினைவகப் பகுதியைக் கேஷ் இல்லாததாக அறிவித்து, டிஎம்ஏ பஃபர்களை எல்லாம் அங்கே வையுங்கள். கொஞ்சம் மெதுவாக இருக்கும், ஆனால் சரியாக இருக்கும். வேகம் போதவில்லை என்று அளந்து தெரிந்த பிறகு கேஷைத் திறக்கலாம்.

லினக்ஸில் இதே வேலை

லினக்ஸ் பலகைக்குப் போனால் ரெஜிஸ்டரை நீங்கள் தொடுவதில்லை. டிஎம்ஏ கட்டுப்படுத்தியின் டிரைவரை வேறு யாரோ எழுதியிருப்பார்கள். நீங்கள் டிஎம்ஏஎன்ஜின் என்ற பொது அடுக்கின் வாடிக்கையாளர்.

டிவைஸ் ட்ரீயில் (பலகையின் வன்பொருளை விவரிக்கும் கோப்பில்) உங்கள் சாதனத்தின் கீழ் டிஎம்ஏஸ், டிஎம்ஏ-நேம்ஸ் என்ற இரண்டு வரிகளை எழுதுங்கள். சாதனம் கிடைத்ததும் லினக்ஸின் மையமான கெர்னல் அழைக்கும் ப்ரோப் ஃபங்ஷனில் அந்தப் பெயரைச் சொல்லிச் சேனலைக் கேளுங்கள். கட்டுப்படுத்தியின் டிரைவர் இன்னும் ஏறியிருக்காவிட்டால் ப்ரோப்-டிஃபர் என்ற பிழை வரும். அதை அப்படியே திருப்பி அனுப்புங்கள், கெர்னல் பிறகு மறுபடி அழைக்கும். அடுத்து ஸ்லேவ் கான்ஃபிக்கில் திசை, சாதன ரெஜிஸ்டரின் இயற்பியல் முகவரி, அகலம், பர்ஸ்ட் அளவு. பிறகு ப்ரெப் (பரிமாற்ற விவரத்தைத் தயாரிப்பது), அதில் கால்பேக் (முடிந்ததும் அழைக்கப்படும் ஃபங்ஷன்), பிறகு சப்மிட். இதோடு முடிந்தது என்று நினைத்துக் காத்திருப்பார்கள், எதுவும் நடக்காது. சப்மிட் வரிசையில் நிறுத்துவது மட்டுமே. இஷ்யூ-பெண்டிங் அழைத்தால்தான் வண்டி கிளம்பும்.

கால்பேக், இன்டரப்டை ஒட்டி ஓடும் டாஸ்க்லெட் சூழலில் ஓடும். அங்கே தூங்கக் கூடாது, மியூட்டெக்ஸ் என்ற பூட்டைப் பிடிக்கக் கூடாது. காத்திருக்கும் வரிசையை எழுப்பிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பஃபர் யார் கையில் என்ற கேள்வியை லினக்ஸ் வெளிப்படையாகவே கேட்கிறது. நம் அதிர்வுக் கருவியைப் போல ஓயாமல் ஓடும் சுற்றுப் பஃபருக்கு டிஎம்ஏ_அல்லாக்_கொஹெரன்ட் எடுங்கள், சைக்ளிக் ப்ரெப் பயன்படுத்துங்கள். கேஷ் கவலையைக் கெர்னல் பார்த்துக்கொள்ளும். அவ்வப்போது வந்துபோகும் பஃபருக்கு டிஎம்ஏ_மேப்_சிங்கிள். மேப் செய்த கணத்திலிருந்து அன்மேப் செய்யும்வரை அது சாதனத்துடையது. நடுவில் எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் சிங்க்-ஃபார்-சிபியு என்று சொல்லி வாங்கி, சிங்க்-ஃபார்-டிவைஸ் என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மேப் செய்யும்போது மூன்று விஷயம். கேமல்லாக் தந்த நினைவகத்தைக் கொடுங்கள். ஸ்டாக்கில் இருப்பதையும், விமல்லாக் தந்ததையும் கொடுக்காதீர்கள். திரும்பி வரும் முகவரியை 0-உடன் ஒப்பிடாமல் டிஎம்ஏ_மேப்பிங்_எரர் கொண்டு சோதியுங்கள், சில அமைப்புகளில் 0 செல்லுபடியாகும் முகவரி. முதல் அளவுருவாக உங்கள் சாதனத்தை அல்ல, டிஎம்ஏ கட்டுப்படுத்தியின் சாதனத்தைக் கொடுங்கள், ஏனென்றால் நினைவகத்தைத் தொடப் போவது அதுதான்.

வளர்ச்சிக் காலம் முழுவதும் கெர்னலில் டிஎம்ஏ ஏபிஐ டீபக் தெரிவை இயக்கி வையுங்கள். மேப் செய்து அன்மேப் செய்யாதது, அளவு மாறியது, திசை மாறியது எல்லாவற்றையும் அது பதிவேட்டில் எழுதிவிடும். புதிய பலகையில் கட்டுப்படுத்தியே சரியாக இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால், நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கு நகர்த்தத் தெரிந்த கட்டுப்படுத்திகளை டிஎம்ஏடெஸ்ட் என்ற தொகுதியை வைத்துச் சோதிக்கலாம். அது தேறினால் தவறு உங்கள் டிரைவரில்.

கடைசியில் நிறுத்துவது. இதில்தான் அனுபவசாலிகளும் அவசரப்படுகிறார்கள். டிரைவரை இறக்கும்போது ஓடும் ரிமூவ் ஃபங்ஷனில் முதலில் சாதனம் கோரிக்கை அனுப்புவதை நிறுத்துங்கள், பிறகு டிஎம்ஏஎன்ஜின்_டெர்மினேட்_சிங்க் அழையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கால்பேக் முடியும்வரை அது காத்திருக்கும். அதனால்தான் கால்பேக்குக்குள்ளிருந்தே அதை அழைக்கக் கூடாது. அது திரும்பிய பிறகே பஃபரை விடுவிக்க வேண்டும், அதன் பிறகே சேனலை. வரிசை மாறினால், விடுவித்த நினைவகத்தில் டிஎம்ஏ எழுதிக்கொண்டிருக்கும், அந்த இடமோ அதற்குள் ஏதாவது கோப்பு முறைமையின் கையில் போயிருக்கும். தரவு ஓடிக்கொண்டிருக்கும்போதே தொகுதியை ஏற்றி இறக்கும் ஒரு சிறு ஷெல் நிரலை எழுதி, மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது ஓடவிட்டுப் போங்கள். வந்ததும் முதலில் கெர்னல் பதிவேட்டைப் பாருங்கள்.